உயிர்களின் வரலாறு முகாம் பெட்டி: மலையில் எது எடுபடும், எது படுத்துவிடும்

மூன்று நாள், 20 பிள்ளைகள், 8 முதல் 13 வயது. இந்தக் கணக்குக்கு, உயிர்களின் வரலாற்றைக் கையால் செய்து பார்த்துக் கற்பதற்கென்று ஒரு பெட்டி ஆன்லைனில் விற்கிறது. விலை 7,800 ரூபாய். மலைக்குக் கூரியர் தனி. விற்பவர் பெயர் இங்கே வேண்டாம். இதே சரக்கை வேறு பெயரில் விற்பவர்களும் இருக்கிறார்கள், குறைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் கோடை முகாம் நடத்தும் ஆசிரியர்களும் நூலக வாசகர் வட்டக்காரர்களும் இதை வாங்கலாமா என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

பாதிப் பெட்டி நல்ல சரக்கு. மீதிப் பாதி, காய்ந்த காற்றில் ஃபேன் சுற்றும் சமவெளி ஹாலை மனதில் வைத்துச் செய்தது. மதியம் மேகம் இறங்கி, துணியே இரண்டு நாள் காயாத ஊரில் அது வேலைக்கு ஆகாது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பெட்டி முழுக்கப் புதைபடிவத்தைச் சுற்றியே போகிறது. நீலகிரியிலோ புதைபடிவமே கிடையாது. இந்த மலை சார்னோக்கைட் பாறை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேல் வெந்து உருவான கல். உயிரின் தடயம் எதுவும் அதில் தங்காது. ‘அருகிலுள்ள பாறைகளில் புதைபடிவம் தேடுங்கள்’ என்று கையேட்டின் முதல் நாள் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். பிள்ளைகள் கல்லில் இருக்கும் கருப்புக் கோட்டையெல்லாம் எலும்பு என்று சொல்லிக்கொண்டு வருவார்கள், தொண்டர்களும் ஆமாம் போடுவார்கள்.

பெட்டிக்குள் இருப்பவை: 46 மீட்டர் பருத்திக் கயிறு, 24 காலக்குறிப்பு அட்டைகள், 2 கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், 3 கிலோ களிமண், ஆறு ரெசின் வார்ப்புகள் (புதைபடிவ நகல்கள்), ஒரு டஜன் பிளாஸ்டிக் டைனோசர், 10 கைலென்ஸ், ஒரு பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப், ஈஸ்ட், பலூன், நான்கு கண்ணாடிக் குழாய், வண்ணக் காகித வட்டுகள், ஒரு போஸ்டர், தமிழில் 64 பக்கக் கையேடு.

கயிறு

பெட்டியிலேயே உருப்படியான பொருள் இதுதான். 1 செ.மீ. என்றால் 10 லட்சம் ஆண்டு, 1 மீட்டர் என்றால் 10 கோடி ஆண்டு. ‘இன்று’ என்ற முனையிலிருந்து அளந்துகொண்டே போனால் 45.4 மீட்டரில் பூமி பிறக்கிறது. ஏறக்குறைய 35 மீட்டரில் ஸ்ட்ரோமட்டோலைட், அதாவது நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகக் கல்லானது. 24இல் காற்றில் ஆக்சிஜன் ஏறத் தொடங்குகிறது. 5.39இல் விலங்குப் புதைபடிவங்கள் பெருகும் கேம்பிரியன் காலம், 4.7இல் தரையேறிய தாவரம், 3.75இல் மீனுக்கும் நான்குகால் விலங்குக்கும் நடுவில் நிற்கும் டிக்டாலிக், 2.52இல் பெரும்பாலான உயிரினங்களை அழித்த பெர்மியன் பேரழிவு, 2.3இல் முதல் டைனோசர்கள், 66 செ.மீட்டரில் அவற்றின் முடிவு. நம் மனித இனத்துக்கு 3 மி.மீ.

இந்த அளவைக் குறைத்துவிடாதீர்கள். இடம் போதவில்லை என்று 4.6 மீட்டர் ரிப்பனில் செய்தால் மனித இனம் பென்சில் கோட்டின் தடிமனுக்குள் ஒளிந்துகொள்ளும். 46 மீட்டரை இரண்டாக மடித்து 23 மீட்டர் மைதானத்தில் போடுவதும் சரிவராது. பூமி பிறந்த முனையிலிருந்து நடக்கத் தொடங்கும் பிள்ளை, கண்ணால் பார்க்கக்கூடிய விலங்கு ஒன்றுகூட எதிர்ப்படாமல் ஏறத்தாழ 40 மீட்டர் நடக்கவேண்டும். சலிப்பு வரவேண்டும். ‘எப்பதான் டைனோசர் வரும்?’ என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் கயிறு தன் வேலையைச் செய்துவிட்டது.

மலைப் பள்ளிகளில் 46 மீட்டர் நேரான மட்டத் தரை கிடைப்பது அபூர்வம், எல்லாம் படிப்படியாக வெட்டிய மைதானம். தேயிலைத் தோட்டத்தில் சரிவுக்குக் குறுக்கே போகும் நடைபாதைதான் வசதி. லேசாக வளைந்தாலும் ஏற்ற இறக்கம் இருக்காது. தோட்ட மேனேஜரிடம் முன்கூட்டி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பிறகும் வேண்டாம். காட்டெருமை இறங்கும் நேரம் அது. கோத்தகிரிப் பக்கம் கரடியும் உண்டு. பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் போகவேண்டும்.

பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கிக் கணக்குக் கெட்டுவிடும் என்று சிலர் குறை எழுதியிருக்கிறார்கள். அட்டைகளைக் கயிற்றிலேயே கட்டியிருந்தால் எல்லாம் சேர்ந்துதான் சுருங்கும், விகிதம் மாறாது. அது பெரிய குறை இல்லை. நனைந்த கயிறு கனத்துத் தொய்வதும், முறுக்கு மாறி அட்டைகள் எல்லாம் முதுகைக் காட்டுவதும்தான் தொல்லை. ஹார்டுவேர் கடையில் பிளாஸ்டிக் கொடிக்கயிறு 50 மீட்டர் வாங்கி, மீட்டருக்கு ஒரு முடிச்சுக்குப் பதில் பெயின்ட்டால் குறியிட்டு, அட்டைகளைத் துணி கிளிப்பில் மாட்டினால் தீர்ந்தது. (முடிச்சு போட்டால் ஒவ்வொரு முடிச்சும் நீளத்தைத் தின்னும்.) கடைசி ஒரு மீட்டரை மட்டும் தரையில் வைத்து ஸ்கேலால் அளக்கவிடுங்கள்.

கயிற்றைவிட அட்டைகளில்தான் கவனம் வேண்டும். ஆங்கிலத்திலிருந்து மாற்றும்போது மில்லியனை அப்படியே கோடி ஆக்கிவிட்டார்கள். டைனோசர் அழிந்தது ‘66 கோடி ஆண்டுகளுக்கு முன்’ என்று அட்டையில் அச்சாகியிருக்கிறது. 6.6 கோடி என்று இருக்கவேண்டும். அச்சடித்தபடி மாட்டினால் அந்த அட்டை 6.6 மீட்டரில் போய்த் தொங்கும். கேம்பிரியன் காலத்துக்கும் முன்பே, மீன்கூடப் பிறக்காத நேரத்தில், டைனோசர் செத்துப்போயிருக்கும். 24 அட்டையில் ஐந்தில் இந்தக் கோளாறு. மில்லியனைப் பத்தால் வகுத்தால் கோடி. இதை வைத்து எல்லா அட்டையையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பிழையைச் சுட்டினால் திருத்திய பி.டி.எஃப். அனுப்புகிறார்கள், அதுவரைக்கும் சந்தோஷம். கேம்பிரியன் அட்டையில் ‘உயிர்கள் தோன்றின’ என்று இருப்பதை அவர்கள் இன்னும் திருத்தவில்லை. அதற்குள் உயிருக்கு ஏறக்குறைய 300 கோடி வயது ஆகிவிட்டது. ‘பல வகை விலங்குகளின் புதைபடிவம் திடீரென்று பெருகுகிறது’ என்று மேலே சீட்டு ஒட்டுங்கள்.

நீலகிரிக்காரர்கள் கூடுதலாக இரண்டு அட்டை எழுதிக்கொள்ளலாம். ஒன்று 25 மீட்டரில்: நாம் நிற்கும் இந்த மலையின் பாறை, ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. பாதையோரம் கிடக்கும் ஒரு கல்லையே கயிற்றின் அடியில் வைத்துவிடலாம். இன்னொன்று 20 செ.மீட்டரில்: ஊட்டி தாவரவியல் பூங்காவில் வைத்திருக்கும் கல்மரம், 2 கோடி ஆண்டு. அது வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தது, இந்த மலையின் கல் இல்லை. அதைச் சொல்லாவிட்டால், மலையில் தோண்டினால் கல்மரம் கிடைக்கும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அதே வயதுக் கல்மரங்களை விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் கும்பலாகப் பார்க்கலாம்.

தோண்டிப் பார்க்கும் தொட்டி

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், அதிகம் தவறாகக் கற்பிப்பதும் இதுதான். ஒரு டஜன் பிளாஸ்டிக் டைனோசரை மணலில் புதைத்துத் தோண்டச் சொல்கிறது கையேடு. அந்த டஜனுக்குள் ஸ்டெகோசாரஸும் டி.ரெக்ஸும் பக்கத்தில் பக்கத்தில். கயிற்றில் ஸ்டெகோசாரஸ் 1.5 மீட்டரில், டி.ரெக்ஸ் 66 செ.மீட்டரை ஒட்டி. டி.ரெக்ஸுக்கும் ஸ்டெகோசாரஸுக்கும் இடையிலான தூரம், டி.ரெக்ஸுக்கும் நமக்கும் உள்ளதைவிட அதிகம். போதாக்குறைக்கு அதே பையில் ஒரு மாமத் யானை. காலையில் கயிற்றில் கற்றதை மதியம் தொட்டி அழித்துவிடுகிறது.

பொம்மைகளைச் சின்னப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்துவிட்டு, ரெசின் வார்ப்புகளை எடுங்கள். ஆறும் நன்றாகவே வந்திருக்கின்றன: டிரைலோபைட் (மடிப்பு மடிப்பான உடம்புள்ள பழங்காலக் கடல் பிராணி), அம்மோனைட் (சுருள் ஓடு உள்ள கடல் பிராணி), சுறாப் பல், ஆர்க்கியோப்டெரிக்ஸ் (பறவை மாதிரி இறகுள்ள டைனோசர்), டி.ரெக்ஸ் பல், பெரணி இலை. டிரைலோபைட்டின் உடல் மடிப்புகளைக் கைலென்ஸில் எண்ண முடிகிறது. முதல் மூன்றும் கடலில் வாழ்ந்தவை. அவற்றை மட்டும் அடுக்குகளில் வைத்தால், ஒரே கடலில் காலம் போகப் போகப் படிந்த சேறு என்று கதை ஒழுங்காக நிற்கும். கடல் பிராணியையும் தரைப் பிராணியையும் ஒரே அடுக்கில் கலந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை மடக்கிவிடும்.

60 செ.மீ. நீளம், 40 அகலம், 20 ஆழம் உள்ள தொட்டி போதும். கீழே 5 செ.மீ. செம்மண், அதில் டிரைலோபைட். நடுவில் 5 செ.மீ. எம்-சாண்ட், அதில் அம்மோனைட். மேலே சலித்த சாம்பல் கலந்த மண் 5 செ.மீ., அதில் சுறாப் பல். அடுக்குக்கு 12 லிட்டர் பிடிக்கும். எம்-சாண்ட் மட்டுமே 20 கிலோ தேறும், முழுத் தொட்டி 50 கிலோ. நிரப்பிவிட்டு நகர்த்த நினைக்காதீர்கள், மேசையின் மேலும் வைக்காதீர்கள். எம்-சாண்டை ஒருமுறை அலசிக் காயவைக்கவேண்டும், இல்லையென்றால் தூசி கண்ணில் பறக்கும். மலையில் மண் லேசில் காயாது. ஈரம் இருந்தால் அடுக்குகள் ஒட்டிக் கட்டியாகும், பிரஷ்ஷால் துடைப்பதற்குப் பதில் பிள்ளைகள் பெயர்க்க ஆரம்பிப்பார்கள். ஒரு வாரம் முன்பே சாக்கில் பரப்பிக் கூரையடியில் வைத்துவிடுங்கள்.

தோண்டும் விதி ஒன்றே ஒன்று. பொருள் தெரிந்ததும் எடுக்கக்கூடாது. எந்த அடுக்கில், மேலிருந்து எத்தனை செ.மீட்டரில் என்று நோட்டில் எழுதிய பிறகுதான் எடுக்கவேண்டும். கையேட்டில் இது இல்லை. இது இல்லாத தொட்டி புதையல் வேட்டையாகத்தான் முடியும்.

அம்மோனைட் வந்ததும் நிறுத்திப் பேச விஷயம் நிறைய உண்டு. அரியலூர்ப் பக்கம் டைனோசர்களின் கடைசிக் காலமான கிரிட்டேசியஸில் கடல் இருந்தது, அங்கே அம்மோனைட் கிடைக்கிறது. வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. சில வீடுகளில் பூஜையில் இருக்கும் சாளக்கிராமம், நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கல், அதற்குள் இருக்கும் சக்கரமும் அம்மோனைட்தான். இமயமலை இருக்கும் இடத்தில் முன்பு கடல் இருந்ததற்கு அதுவே சாட்சி. பார்த்திருக்கிறார்களா என்று கேட்டால் போதும். பூஜையறையிலிருந்து எடுத்துவரச் சொல்லவேண்டாம்.

பிளாஸ்டர் வார்ப்பு

2 கிலோ, 20 பிள்ளைக்கு ஆளுக்கு 100 கிராம். 5 செ.மீ. அகலத்தில் ஒரு வார்ப்புக்கு அது தாராளம். சிக்கல் அளவில் இல்லை, பையில் இருக்கிறது. காகிதப் பைக்குள் மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதிலும் தையல் ஓட்டை. பிளாஸ்டர் காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் பாதி இறுகியே போய்விடும், பிறகு தண்ணீர் ஊற்றினாலும் கெட்டிப்படாது, விரலால் நோண்டினால் உதிரும். வந்த அன்றே சோதியுங்கள்: இரண்டு ஸ்பூன் பிளாஸ்டர், ஒரு ஸ்பூன் தண்ணீர். அரைமணியில் நகம் பதியாத அளவுக்கு இறுகவேண்டும். இறுகாவிட்டால் மாற்றிக் கேளுங்கள். அடுப்பில் வறுத்துச் சரிசெய்யலாம் என்பார்கள். சூடு முன்பின்னானால் அதுவும் கெடும், வேண்டாம். நல்ல பை என்றால் உடனே மூடி இறுகிய டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

கலவை, அளவுக் கப்பில் 2 பங்கு பிளாஸ்டருக்கு 1 பங்கு தண்ணீர். தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவவேண்டும், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றினால் அடியில் கட்டி நிற்கும். தூவி ஒரு நிமிடம் ஊறவிட்டு மெதுவாகக் கிளறுங்கள். வேகமாக அடித்தால் குமிழி ஏறி இலை நரம்புகள் இருக்கவேண்டிய இடமெல்லாம் ஓட்டை விழும். கையேட்டில் ‘10 நிமிடத்தில் இறுகும்’ என்று இருப்பது சமவெளிக் கணக்கு. குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் அதற்கு மேலும் இழுக்கும். பொறுமையில்லாமல் அச்சைப் பிரித்தால் வார்ப்பு இரண்டாகப் பிளக்கும். தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள், முக்கால் மணி நேரம் தொடாதீர்கள். இறுகிய பிறகும் உள்ளே ஈரம் இருக்கும், முழுக்கக் காய மலையில் இரண்டு நாளாவது வேண்டும். ஆகவே வார்ப்பை முதல் நாளே செய்துவிடவேண்டும். கையேடு அதை மூன்றாம் நாள் மதியம் வைத்திருக்கிறது. பிள்ளைகள் ஈரக் கட்டியைத்தான் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவார்கள்.

அச்சு ஒட்டாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறது கையேடு. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பது இங்கே பாட்டிலைத் திறக்கும் யாருக்கும் தெரியும். திப்பித்திப்பியாக ஒட்டி, அந்தத் திப்பிகளே இலையின் மேல் பதிந்துவிடும். நல்லெண்ணெயை மெல்லிய பிரஷ்ஷால் ஒரு சுற்றுத் தடவினால் போதும். பெரணி இலையின் அடிப்பக்கத்தைக் களிமண்ணில் அழுத்துங்கள், நரம்புகள் எடுப்பாக இருப்பது அந்தப் பக்கம்தான். பைன் காயை முழுசாக அழுத்தினால் செதில்களுக்கு இடையில் பிளாஸ்டர் புகுந்து மாட்டிக்கொள்ளும்; அரைப் பக்கம் மட்டும் லேசாகப் பதிக்கவேண்டும்.

பாதுகாப்பு பற்றிக் கையேட்டில் ஒரே வரி. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், மொத்தமாக இருந்தால் கொப்பளம் போடும் அளவுக்கு. 2007இல் இங்கிலாந்தில் தன் கையையே பிளாஸ்டரில் வார்க்கப்போன பள்ளி மாணவி விரல்களை இழந்தார். ‘என் கையை அச்செடுக்கலாமா?’ என்று எந்த முகாமிலும் ஒரு பிள்ளை கேட்கும். கையைக் களிமண்ணில் பதித்து, கையை எடுத்த பிறகு பிளாஸ்டர் ஊற்றலாம். கையைப் பிளாஸ்டருக்குள் விடக்கூடாது. தூவும்போது பெரியவருக்கு முகக்கவசம். மீதிப் பிளாஸ்டரைக் கை கழுவும் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டால் அடுத்த வாரம் பிளம்பரைக் கூப்பிடவேண்டும். பழைய பக்கெட்டில் இறுகவிட்டுத் தட்டி எடுங்கள்.

லென்ஸ், மைக்ராஸ்கோப், பாசி

கைலென்ஸ் பத்தும் கண்ணாடி, நல்லவை. ‘1200 மடங்கு’ என்று பெட்டியில் போட்டிருக்கும் மைக்ராஸ்கோப் பிளாஸ்டிக் லென்ஸ். 100க்கு மேல் போனால் பாலில் விழுந்த மாதிரி மங்கல்தான். இதற்குப் பதில் காகிதத்தில் மடித்துச் செய்யும் ஃபோல்டுஸ்கோப் இரண்டு வாங்கிவையுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விஞ்ஞானி மனு பிரகாஷ் குழு உருவாக்கியது, 140 மடங்கு, சொன்னதைக் காட்டுகிறது.

காட்டுவதற்கு நீலகிரியில் பஞ்சமே இல்லை, சுவரில் பாசி அடர்ந்திருக்கிறது. முகாம் நடக்கும் கட்டடத்தின் சுவரிலிருந்தே கைப்பிடி பாசி எடுத்து, தட்டில் மூழ்கும் அளவு மழைநீர் ஊற்றி, ஒரு ராத்திரி ஊறவையுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது. காலையில் பாசியைத் தட்டின் மேல் பிழிந்து, அடியில் தங்கிய வண்டலைச் சொட்டு சொட்டாகப் பாருங்கள். நீர்க்கரடி கிடைக்கும்: எட்டுக் கால், அரை மி.மீட்டருக்கும் சின்னது, கரடி மாதிரியே தடுமாறி நடக்கும். காய்ந்தால் சுருண்டு வருஷக்கணக்கில் கிடந்து, தண்ணீர் பட்டதும் எழும். ஃபோல்டுஸ்கோப்பில் பார்வைப் பரப்பு குறைவு, நேராக அதில் தேடினால் கண் வலிக்கும். கருப்புத் தாளின் மேல் தட்டை வைத்து, கைலென்ஸில் அசைவதைக் கண்டுபிடித்து, டிராப்பரில் உறிஞ்சி, பிறகு கண்ணாடித் துண்டுக்கு மாற்றவேண்டும். முதல் சொட்டில் கிடைக்காது. பத்துப் பிள்ளைக்குப் பத்துச் சொட்டு என்று பிரித்தால் யாருக்காவது கிடைத்துவிடும்.

சமையலறையிலிருந்து கொஞ்சம் கல்பாசியும் எடுத்து வையுங்கள். பிரியாணியில் போடும் கல்பாசி லைக்கன். ஒரு பூஞ்சையும் ஓர் ஆல்காவும் (கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி, சுவர்ப் பாசி இல்லை) கூட்டுக் குடித்தனம் செய்யும் உடம்பு. மலையில் மரக்கிளையில் தாடி மாதிரித் தொங்குவதும் லைக்கன்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தால் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

பெட்டியில் இல்லாத, ஆனால் இருக்கவேண்டிய நடை

பாறை பேசாத ஊரில் செடிகள் பேசும். கையேட்டில் தாவரங்களுக்கு ஒன்றரைப் பக்கம்தான். நீலகிரியில் அரை நாளை இதற்கே ஒதுக்கவேண்டும். சுவர்ப் பாசி, ஓடையோரப் பெரணி, சோலைக்குள் மரப்பெரணி, பைன் காய், சோலையில் வளரும் மலைச் செண்பகம், புல். இதே வரிசையில் காட்டி, ஒவ்வொன்றின் பரம்பரையையும் கயிற்றில் மாட்டச் சொல்லுங்கள்: பாசி 4.7 மீட்டரை ஒட்டி, பெரணி 3.6, ஊசியிலை மரங்கள் 3.1, பூக்கும் தாவரம் 1.3 மீட்டர் அளவில், புல் 70 செ.மீ. பக்கம். புல்லுக்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. மகாராஷ்டிரத்தில் கிடைத்த டைனோசர் சாணப் புதைபடிவத்தில் புல்லின் சிலிக்காத் துகள்கள் இருந்ததை 2005இல் வெளியிட்டார்கள். டைனோசர் படங்களில் புல்வெளி வரைந்தால் தப்பு போடும் ஆசிரியர்கள் அன்றிலிருந்து கொஞ்சம் அடங்கவேண்டியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சுவர்ப் பாசியைக் காட்டி ‘இதிலிருந்துதான் பெரணி வந்தது’ என்று சொல்லிவிடாதீர்கள். இன்றைய பாசிக்கும் நம்மைப் போலவே இன்றுவரை வந்த வரலாறு இருக்கிறது. அது பெரணிக்குப் பாட்டி இல்லை, தூரத்து ஒன்றுவிட்ட சகோதரி.

பெரணி இலையின் அடியில் இருக்கும் பழுப்புப் புள்ளிகளை நோய் என்றோ பூச்சி முட்டை என்றோ பிள்ளைகள் நினைப்பார்கள். முதிர்ந்த இலையை வெள்ளைத் தாளில் புள்ளிப் பக்கம் கீழே வைத்து, மேலே ஒரு நோட்டை வைத்து, காற்றுப்படாமல் ஒரு ராத்திரி விட்டால் காலையில் இலையின் உருவத்திலேயே ஸ்போர் தூள் (விதைக்குப் பதில் பெரணி உதிர்ப்பது) படிந்திருக்கும். ஈரத்தில் பைகள் வெடிக்காது. எரியும் பல்புக்குப் பக்கத்திலோ ஃபிரிட்ஜின் மேலோ வையுங்கள். செலவே இல்லாத இந்த வேலை பெட்டியின் பாதி விளையாட்டுகளைவிட மேல்.

நடைக்கு கோத்தகிரியில் லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர், பொருத்தமான இடம். காப்புக்காடு, வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும், உள்ளே ஓர் இலைகூடப் பறிக்கக்கூடாது. பறிப்பது, பிழிவது, அழுத்துவது எல்லாம் முகாம் வளாகத்துச் செடியில் மட்டும். ஜூனுக்குப் பிறகு காலில் அட்டைப்பூச்சி ஏறும், நீளமான காலுறை கட்டாயம். கோடைமழை பெய்தால் மாலையில் புதர்த்தவளைகள் கத்துவதைக் கேட்கலாம். இவற்றில் பலவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகி வெளியே வரும். ‘நீரைவிட்டுத் தரைக்கு’ என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

மீதி விஷயங்கள்

சேற்றுக் குழாய்: குளத்துச் சேறு, கிழித்த செய்தித்தாள், முட்டை மஞ்சள்கரு போட்டு ஜன்னலில் வைத்தால் நுண்ணுயிர்கள் பச்சை, ஊதா என்று அடுக்கடுக்காக நிறம் பிடிக்கும். ஆக்சிஜன் இல்லாத பழைய பூமியைக் காட்ட அருமையான சோதனை. ஆனால் நிறம் வர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், குளிரில் இன்னும் கூடும். மூன்று நாள் முகாமுக்கு அதைப் பெட்டியில் போட்டவர் அதைச் செய்து பார்த்தவரில்லை. மார்ச் மாதமே ஒன்று தயார்செய்து வைத்து, முகாமில் பழையதைக் காட்டிவிட்டுப் புதியதைச் செய்யவிடுங்கள். மஞ்சள்கருவுக்குப் பதில் உடைந்த பிளாஸ்டர் வார்ப்பைப் பொடித்து ஒரு ஸ்பூன் போட்டாலும் கந்தகம் கிடைக்கும். மூடியை இறுக்காதீர்கள், அழுகிய முட்டை நாற்றம் வரும், வெளி ஜன்னலில் வையுங்கள்.

ஈஸ்ட் பலூன் (பாட்டில் வாயில் மாட்டிய பலூனை ஈஸ்ட் விடும் வாயு ஊதவைப்பது): ஒரு டீஸ்பூன் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, 100 மி.லி. தண்ணீர். தண்ணீர் 40 டிகிரி இருக்கவேண்டும், பாட்டிலை வெந்நீர்ப் பேசினில் நிறுத்தவேண்டும்; இல்லாவிட்டால் இட்லி மாவு பொங்காத அதே கதைதான். ‘காலித் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறது கையேடு. நீலகிரியில் அந்த பாட்டிலுக்கே தடை; கண்ணாடி சோடா பாட்டில் பயன்படுத்துங்கள்.

இயற்கைத் தேர்வு விளையாட்டுக்குக் கொடுத்திருக்கும் காகித வட்டுகள் காற்றில் பறந்துவிடும். பச்சைப் பயறு, மைசூர்ப் பருப்பு, கருப்பு உளுந்து, வெள்ளை மொச்சை வகைக்கு 25, மொத்தம் 100, புல்தரையில் நான்கு சதுர மீட்டரில் தூவுங்கள். ‘பறவைகள்’ ஐந்து பேர், அரை நிமிடம், ஒரு முறைக்கு ஒன்றுதான் எடுக்கலாம். மிஞ்சியதை எண்ணுவதற்கு, முதல் சுற்றில் ஒவ்வொரு வகையிலும் எடுக்கப்பட்டதை 25இல் கழித்தாலே போதும். அடுத்த சுற்றுக்கு மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி சேர்த்துத் தூவவேண்டும். இந்தக் குட்டி சேர்க்கும் படியைத்தான் நேரமில்லை என்று விட்டுவிடுவார்கள்; விட்டால் பச்சைப் பயறு ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொண்டது என்றே பிள்ளைகள் முடிவுக்கு வருவார்கள். மூன்று சுற்றாவது ஓட்டுங்கள்.

போஸ்டர், குரங்கிலிருந்து மனிதன் வரை வரிசையாக நடந்துவரும் அந்தப் பழைய படம். ஒட்டினால் ‘நம்ம ஊர் கருமந்தி எப்ப மனுசனாகும்?’ என்ற கேள்வி நிச்சயம். கருமந்தியின் முன்னோரும் நம் முன்னோரும் ஏறக்குறைய 25 செ.மீட்டரிலேயே பிரிந்துவிட்டார்கள், சிம்பன்சியோடு பிரிந்ததுதான் 6, 7 செ.மீட்டரில். போஸ்டரின் பின்பக்கம் வெள்ளை. அதில் கிளைவிட்ட மரமாகப் பிள்ளைகளையே வரையச் சொல்லலாம்.

வாங்குவதா?

விற்பவர் தளத்திலேயே அட்டைகள், ஆறு வார்ப்பு, பத்து லென்ஸ் மட்டும் கொண்ட சின்னப் பெட்டி 2,900 ரூபாய்க்கு இருக்கிறது. மலைக்கு அதுவே போதும். கயிறு, பயறு, நல்லெண்ணெய், மணல், ஈஸ்ட் எல்லாம் பஜாரில் கிடைக்கும். களிமண்ணும் பிளாஸ்டரும்கூட ஹார்டுவேர் கடையில் புதுசாக வாங்குவதே நல்லது. முழுப் பெட்டி வேண்டுமென்றே வாங்குபவர்கள் மே முகாமுக்கு மார்ச்சிலேயே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் வரும் பிளாஸ்டர் பை பாதிக்குப் பாதி கட்டியாகத்தான் இருக்கும். கோவை, மேட்டுப்பாளையத்திலிருந்து வேனில் பிள்ளைகளைக் கூட்டிவருபவர்கள் இ-பாஸையும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளவேண்டும். 20 பிள்ளைக்கு நான்கு பெரியவர்கள் வேண்டும். கையேட்டில் இரண்டு பேர் போதும் என்றிருப்பது பிளாஸ்டர் கலக்காத நாளுக்கு.